மூன்று நிமிடம் திறந்துவிட்ட தண்ணீர்

சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி சப்பாத்தைக் கழற்றும்போதே நிபந்தனைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"அன்ரி, இவ்வளவு காலமும் தண்ணி லாபிலை வேலை செய்தனீங்கள். இப்ப நிறம் மாறுற நனோ டெஸ்ட் எல்லாம் வந்திட்டுதாம். அதைப் பற்றி இளம் பிள்ளையளுக்கு உற்சாகமா ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. நெகட்டிவா ஒண்டும் வேண்டாம், என்ன."

எங்கள் மலர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முன்பக்கத்தில் பெரிய மனிதர்களின் வாழ்த்துச் செய்திகள், நடுவில் நகைக்கடைக்காரரும் வீடு விற்கிறவர்களும் போடும் விளம்பரங்கள், கடைசியில் ஓய்வுபெற்ற ஒருவர். அந்த ஒருவர் ஒற்றை சூட்கேசோடு சிட்னியில் வந்து இறங்குவார், குளிரில் நடுங்குவார், உழைப்பார், உயர்வார், இளைஞர்களுக்கு நான்கு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். இந்த மலர்களை வருடம் தவறாமல் வாசித்து வருகிறேன். இவர்களில் ஒருவர்கூட வேலையில் ஒரு பிழை விட்டதாக எழுதியதில்லை. எல்லாரும் அப்படிப் பிழையே விடாமல் உழைத்திருந்தால் இந்த ஊர் எப்போதோ சொர்க்கமாகியிருக்க வேண்டும்.

நான் விட்ட பிழையை எழுதுகிறேன். போட விருப்பமில்லை என்றால் தம்பி என் பக்கத்தை நகைக்கடைக்குக் கொடுத்துவிடட்டும்.

என் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தேன். இங்கே வந்து முதல் இரண்டு வருடம் வயோதிபர் இல்லம் ஒன்றின் குசினியில் பாத்திரம் கழுவினேன். பிறகு தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் போத்தல் கழுவினேன். முன்பு சவர்க்காரம், இப்போது அமிலம்; வேறு முன்னேற்றம் ஒன்றும் இல்லை. மாலை வகுப்புக்குப் போய் இங்கத்தைய சான்றிதழ் ஒன்றும் எடுத்த பிறகு ஆய்வாளர் ஆக்கினார்கள். சூட்கேஸ் இரண்டு கொண்டுவந்தேன்.

என்னைப் போட்டது உலோகப் பிரிவில். ஈயம், கட்மியம், பாதரசம், ஆசனிக், செம்பு. இவை தண்ணீரில் கரைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, பெரும்பாலும் நாக்குக்கும் தெரியாது. தண்ணீரை நுண்துளிகளாக்கி மிகச் சூடான சுவாலைக்குள் ஊதி, உள்ளே எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் பெரிய இயந்திரம் ஒன்று எங்களிடம் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அந்த இயந்திரத்தோடு நின்று படம் எடுப்பார்கள். எங்கள் பிரிவுத் தலைவர் கொலின் மட்டும் அதை ஏறிட்டும் பார்க்க மாட்டார். அவருக்குப் போத்தல்தான் முக்கியம்.

கொலின் உயரமான மனிதர். கோடை, குளிர் என்றில்லாமல் அரைக்காற்சட்டையும் முழங்கால் வரை காலுறையும் போடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. காலையில் வந்திறங்கும் போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொரு சீட்டாக வாசிப்பார். எந்த வீடு, எந்தக் குழாய், என்ன திகதி, எத்தனை மணி, யார் எடுத்தது. பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனை மை ஐஸ்பெட்டி ஈரத்தில் கரைந்துவிடும். நேரம் எழுதாத போத்தல் அகப்பட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். மூடியைத் திறந்து, அதைக் கொண்டுவந்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, வெறும் போத்தலை அவர் கையில் கொடுப்பார். ஒரு மணித்தியாலம் கார் ஓடி எடுத்துவந்த தண்ணீர் அது. இரண்டாவது முறை யாரும் நேரம் எழுத மறந்ததில்லை.

தண்ணீர் எடுக்கிற முறையையும் அவரே வகுத்திருந்தார். போத்தலை அமிலத்தில் ஊறவைத்து, சுத்த நீரில் மூன்று தரம் அலசிக் கவிழ்த்து வைக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் குழாயின் வாயில் இருக்கும் சின்ன வலை வடியைக் கழற்ற வேண்டும். குளிர்நீரை முழுதாகத் திறந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் ஓட விட வேண்டும். பிறகு ஓட்டத்தைப் பென்சில் மொத்தத்துக்கு மெலிதாகக் குறைத்து, போத்தலின் கழுத்துக்குக் கீழே வரை பிடித்து, உலோகம் போத்தலில் ஒட்டாதபடி சில துளி அமிலம் விட்டு மூட வேண்டும்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் நான் அந்த மூன்று நிமிடத்தை விழுங்கிவிட்டேன். வீட்டுக்காரப் பெண் வேலைக்குப் போக அவசரப்பட்டார். நானும் திறந்த உடனேயே பிடித்துக்கொண்டு வந்தேன். செம்பு எக்கச்சக்கமாக வந்தது. இரண்டு பொறியியலாளர்கள் அந்தத் தெருவையே கிண்டப் புறப்பட்டார்கள். கொலின் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கார்ச் சாவியை எடுத்தார். அந்த வீட்டுக் குசினியில் குழாயைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று நிமிடமும் அசையாமல் நின்றார். வீட்டுக்காரப் பெண் குளியல் அங்கியோடு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது.

"இப்போது எடு" என்றார்.

எடுத்தேன். செம்பு இல்லை. இரவு முழுக்க வீட்டுக் குழாய்க்குள் நின்ற தண்ணீர் குழாயின் உலோகத்தைக் கரைத்து வைத்திருக்கும். மூன்று நிமிடம் ஓட விட்டால் அது போய்த் தெருவிலிருந்து புதுத் தண்ணீர் வரும். தண்ணீர் வழங்குகிற எங்கள் பொறுப்பு வீட்டு வாசல் மீற்றரோடு முடிகிறது. அதற்கு உள்ளே வீட்டுக்காரர் என்ன குழாய் பூட்டியிருந்தாலும் அந்தப் பழி எங்கள் அறிக்கையில் ஏறக்கூடாது.

திரும்பும் வழியில் கொலின் ஒரே ஒரு வசனம் சொன்னார். "நாங்கள் தெருவுக்குப் பதில் சொல்கிறவர்கள். குசினிக்கு இல்லை."

அப்படியானால் குசினிக்கு யார் பதில் சொல்கிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவளுக்குத் துணிவு இல்லை. துணிவு வந்த காலத்தில் கேள்வி மறந்துபோயிற்று. அந்த மூன்று நிமிடம் மட்டும் என் கையில் ஊறிவிட்டது. பிறகு என் சொந்த வீட்டில் கேத்தில் வைக்கும்போதுகூட குழாயைத் திறந்துவிட்டுத்தான் நிற்பேன். என் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது நனோ வந்தது. பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து நிவேதா என்ற இளம் ஆராய்ச்சியாளர் செயல்முறை காட்ட வந்தார். கோயம்புத்தூர்ப் பிள்ளை. கூட்ட அறையில் சாண்ட்விச், அவித்த முட்டை, பழத்தட்டு. கீழே வேலை செய்கிற எங்களுக்கு அந்த அறையின் சாவி எங்கே இருக்கிறது என்றே அன்றைக்குத்தான் தெரிந்தது.

நிவேதா சிறு குப்பிகளை அடுக்கினார். ஒவ்வொன்றிலும் திராட்சைச் சாறு போலச் சிவந்த திரவம். அது தங்கம் என்றார். தங்கத்தை மிக மிகச் சிறிய துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்க விட்டால் சிவப்பாகத் தெரியும். ஒவ்வொரு துகளின் மேலும் ஈயத்தைப் பிடிக்கிற மூலக்கூறு ஒன்றைப் பூசியிருந்தார். தண்ணீரில் ஈய அயனிகள் இருந்தால், ஒரே அயனியை இரண்டு மூன்று துகள்கள் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று நெருங்கும். நெருங்கினால் நிறம் ஊதாவாகி, பிறகு நீலமாகும். இயந்திரம் வேண்டாம், சுவாலை வேண்டாம், கண் போதும். ஈயம் கலந்த தண்ணீரை ஊற்றினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு நீலமாயிற்று.

மேலிடத்தார் கை தட்டினார்கள். போத்தலுக்கு மூடி எந்தப் பக்கம் என்று தெரியாத ஒருவர் எங்களுக்கு அப்போது முகாமையாளராக இருந்தார். அவர் "கேம் சேஞ்சர்" என்று நான்கு தரம் சொன்னார். அந்தப் பெரிய இயந்திரத்தையும் அதோடு எங்களில் சிலரையும் எப்போது கழிக்கலாம் என்று அவர் மனதுக்குள் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் முட்டைக்கு வைத்திருந்த உப்புப் பொட்டலத்தை எடுத்தேன். சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை கரைத்து, சிவந்த குப்பி ஒன்றுக்குள் ஊற்றினேன். ஈயம் ஒரு துளி இல்லை. ஆனாலும் நீலமாயிற்று. தங்கத் துகள்களை ஒன்றையொன்று விலக்கி வைத்திருப்பது அவற்றின் மேலிருக்கும் மின்னேற்றம். உப்பு அதை மறைத்துவிடும். இது கொஞ்சம் படித்த எவருக்கும் தெரிந்த விஷயம்.

"கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஈயம் என்று சொல்லப் போகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அறையே சிரித்தது. ஒரு நிமிடம் முன்பு எது என்று தெரியாமல் கை தட்டியவர்கள், இப்போது ஏன் என்று தெரியாமல் சிரித்தார்கள். நிவேதாவின் முகம் சிவந்தது. ஆனால் அந்தப் பிள்ளை கொப்பியைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"கரெக்ட் மேடம். கோட்டிங்தான் பிரச்சனை. உப்பைத் தாங்குற மாதிரி பண்ணிட்டு வர்றேன். வந்தா பாப்பீங்களா?"

"வாரும், பாப்பம்" என்றேன். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் இறங்கும் வரை ரயிலில் எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். என்ன பெரிய வீரம்! ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிள்ளையின் கூச்சமும்.

அவர் சொன்னபடி செய்தார். பூச்சை மாற்றி, உப்பைத் தாங்க வைத்து, ஆறேழு மாதம் கழித்து எனக்கு ஈமெயில் போட்டார். வேலை இருக்கிறது, வர வசதியில்லை என்று பதில் எழுதினேன். வேலை ஒன்றும் இருக்கவில்லை. என் தீர்ப்பை நான் ஏற்கனவே சொல்லியாயிற்று; அதை மாற்ற வேண்டி வந்துவிடுமோ என்ற பயம்தான்.

பிறகு ஓய்வு. கேக் வெட்டினார்கள், கார்டில் எல்லாரும் ஒரே வசனத்தை எழுதினார்கள். கிரவீனில் என் வீடு, பத்து நிமிடத்தில் பென்டில் ஹில், வெள்ளிக்கிழமை கோயில். அந்தக் கோயிலில் பழக்கமானவள்தான் சுகந்தி. பிறந்தது வன்னியில். வீட்டிலேயே அனுமதி எடுத்து நான்கு குழந்தைகளைப் பகலில் பராமரிக்கிறாள். ஐந்தாவது அவளுடைய சொந்தக் குழந்தை ஆதிரை, அப்போது ஏழு மாதம். தாய்ப்பால் போதாமல், மாவில் கரைத்த போத்தல் பால்தான். சுகந்தியின் கணவர் பஸ் ஓட்டுகிறவர். தன் கையாலேயே குசினியைப் புதுப்பித்து, இணையத்தில் வாங்கிய பளபளக்கும் குழாய் ஒன்றைப் பூட்டியிருந்தார்.

ஒருநாள் காலை சுகந்தி எனக்குப் போன் எடுத்தாள்.

"அன்ரி, நீலமாப் போச்சு!"

"என்னது பிள்ளை?"

"தண்ணி அன்ரி. வீடுகளுக்குக் குப்பி குடுத்துத் தண்ணி பாக்கச் சொல்லுகினம் எண்டு வென்ட்வேர்த்வில் கடையிலை நோட்டீஸ் ஒட்டிக் கிடந்தது. பேர் குடுத்தனான், தபாலிலை வந்தது. காலமை ஆதிரைக்குப் பால் கரைக்க எடுத்த தண்ணியிலை கொஞ்சம் விட்டுப் பாத்தன். நீலமாப் போச்சு. எனக்குக் கை கால் ஓடேல்லை. வாறீங்களே?"

போனேன். நேராகக் குசினிக்குள் நுழைந்தால் தரையெல்லாம் கடைத் தண்ணீர்ப் பெட்டி.

"இதென்ன, வீட்டிலை கலியாணமே?" என்றேன்.

"குழந்தையளுக்கு அன்ரி. பயமாக் கிடக்கு."

குப்பியைக் கண்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அதே தங்கம், அதே ஊதா நீலம். உள்ளே மடித்து வைத்திருந்த தாளின் அடியில் நிவேதாவின் பெயர். அந்தத் தாளை நான் வாசிக்கவில்லை. முப்பது வருடம் தண்ணீர் பார்த்தவள் குறிப்புத்தாள் வாசிப்பாளா?

"பிள்ளை, உதை நான் உப்புப் போட்டே நீலமாக்கிக் காட்டினனான், பெரிய பெரிய ஆக்களுக்கு முன்னாலை. உது விளையாட்டுச் சாமான். இன்னொரு குப்பி இருக்கே? கொண்டா."

வடியைக் கழற்றினேன். குளிர்நீரை முழுதாகத் திறந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நிவேதாவின் கதையை நன்றாகக் கை கால் வைத்துச் சொன்னேன். சுகந்தி என்னைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓடிப்போய் ஒரு பேசினைக் கொண்டுவந்து குழாயின் கீழே வைக்கப் பார்த்தாள்.

"சும்மா போகுது அன்ரி. பூக்கண்டுக்கெண்டாலும் விடலாம்."

"விடு பிள்ளை, சாம்பிளைக் குழப்பாதை."

மூன்று நிமிடம் முடிந்தது. குப்பியில் தண்ணீர் விட்டேன். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். சிவப்பு சிவப்பாகவே நின்றது. சுகந்தி இரண்டு குப்பியையும் படம் எடுத்துத் திட்டத்துக்கு அனுப்பினாள். என்ன வெற்றி எனக்கு! அதோடும் விடவில்லை. அதே முறையில் ஒரு போத்தல் பிடித்து, பழைய கூட்டாளி ஒருவரின் பரிசோதனைக்கூடத்தில் பெரிய இயந்திரத்தில் போடுவித்தேன். ஈயம் இல்லை என்று வந்தது. சுகந்திக்கு அனுப்பினேன்.

"அன்ரி சொன்னாச் சரி" என்று பதில் வந்தது. கடைத் தண்ணீர்ப் பெட்டிகள் கராஜுக்குப் போயின.

ஏழு கிழமை. அதாவது நாற்பத்தொன்பது நாள். ஏழு கிழமை, ஒவ்வொரு விடியலும் அந்தக் குழாயின் முதல் தண்ணீரில் அந்தக் குழந்தைக்குப் பால் கரைந்தது. கொதிக்கவைத்துத்தான் கொடுத்தாள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஈயத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஆதிரை வெளிறியிருக்கிறாள், நிறை ஏறவில்லை என்று டொக்டர் இரத்தம் எடுத்தார். இரும்புச்சத்து பார்க்கும்போது ஈயத்தையும் பார்க்கச் சொன்னார் அந்தப் புண்ணியவான். இருக்க வேண்டிய அளவைவிட மேலே. உடனே சுகாதாரப் பகுதியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சுவர்ப் பெயின்ட், முற்றத்து மண், விளையாட்டுச் சாமான், மஞ்சள்தூள், சமையல் பாத்திரம், கண்மை. ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பராமரிப்பு அனுமதியை அன்றே நிறுத்திவைத்தார்கள். நான்கு பெற்றோரும் ஒரே மாலையில் பிள்ளைகளின் பைகளை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

சுகந்தி என்னைக் கூப்பிட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வந்த அதிகாரியிடம் "காரணம் தண்ணீர் இல்லை, அதை நானே பார்த்துவிட்டேன்" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். அவர்கள் போனபின் சுகந்தியைப் பிடித்தேன்.

"கண்மை எங்கை வாங்கினனீ? குழந்தைக்கு உதெல்லாம் ஏன் பூசுறாய்? படிச்சனீதானே?"

"ஊரிலை இருந்து அம்மா அனுப்பினவ அன்ரி..."

அவள் மைச் சிமிழை எடுத்து என் கண்முன்னாலேயே குப்பைவாளிக்குள் போட்டாள். போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். நான் நின்று பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் திருப்தியாகவும் இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது.

நான்கு நாள் கழித்து நான் அங்கே இருந்தபோது சுகந்தியின் போன் அடித்தது. குப்பித் திட்டத்துக்கு வீடுகளிலிருந்து வந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இந்த வீட்டிலிருந்து ஒரே நாளில் ஒரு நீலமும் ஒரு சிவப்பும் வந்திருக்கிறது, ஏன் என்று கேட்கிறார்கள். சுகந்தி போனைச் சத்தமாகப் போட்டு என்னிடம் நீட்டினாள். "நீங்களே கதையுங்கோ அன்ரி."

பெயரைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு சிரிப்பு.

"மேடம்! உப்பு போட்ட மேடம்தானே? நான் நிவேதா. நல்லா இருக்கீங்களா?"

அந்தச் சிரிப்பில் கோபம் துளியும் இருக்கவில்லை. அதுவே எனக்குக் குத்தியது. குழந்தையின் இரத்த முடிவைச் சொன்னேன். நிவேதாவின் குரல் மாறிற்று.

"மேடம், முதல் சாம்பிள் எப்ப எடுத்தாங்க? எடுக்கிறதுக்கு முன்னாடி குழாயை ஓட விட்டாங்களா?"

நான் சுகந்தியைப் பார்த்தேன்.

"ஐயோ, நான் ஒருநாளும் ஓட விடுறேல்லை" என்றாள் அவள். "அகதிக் காம்பிலை ஒரு வாளித் தண்ணிக்கு வரிசையிலை நிண்டு வளந்தனாங்கள். முதல் விழுற தண்ணியையே கேத்திலுக்கை பிடிச்சிடுவன். தண்ணியைச் சும்மா ஓட விட எனக்கு மனம் வராது."

"சரிங்க. ரெண்டாவது சாம்பிள்?"

குழாய் எனக்கு முன்னால் பளபளத்துக்கொண்டு நின்றது.

"மூண்டு நிமிஷம்" என்றேன்.

"ஓ" என்றார் நிவேதா. அன்று நான் கூட்ட அறையில் சிரிக்க வைத்ததுபோல அவர் என்னைச் சிரிப்புக்கு இடமாக்கியிருக்கலாம். செய்யவில்லை. "நாளைக்குக் காலையில யாரும் குழாயைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு சாம்பிள் எடுத்துடுங்க மேடம். அதுவரைக்கும் குழந்தைக்கு அந்தத் தண்ணி வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

குப்பிப் பெட்டியிலிருந்த தாளை அன்றுதான் விரித்தேன். முதல் வரியே தடித்த எழுத்தில்: இரவு முழுவதும் நின்ற முதல் தண்ணீரைப் பிடிக்கவும்; குழாயை ஓட விட வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் போய் முதல் தண்ணீரைப் பிடித்தோம். குப்பி நீலமாயிற்று. போத்தலை இயந்திரத்துக்குக் கொண்டுபோனேன். ஈயம், தாராளமாக. பளபளத்த அந்தப் பித்தளைக் குழாயின் உட்பக்கத்திலிருந்து இரவிரவாகக் கரைந்து வந்தது. மற்ற நான்கு குழந்தைகளின் இரத்தமும் பார்த்தார்கள். பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் காலையில் வரும்போது அந்தக் குழாய் பத்துத் தரம் திறந்து மூடப்பட்டிருக்கும். முதல் தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஆதிரைக்கே போயிற்று.

அன்றே பிளம்பரைப் பிடித்துக் குழாயைக் கழற்றினார்கள். என் கதை அதோடு முடிந்திருந்தால் இதையும் மற்றவர்களைப் போல ஒரு பாடமாக்கி எழுதியிருப்பேன்.

அனுமதி கொடுக்கும் அலுவலகம் சுகந்தியிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. ஆங்கிலம் சரியா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள். வாசித்தேன். குப்பி நீலமானதும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு, "பிழையான டெஸ்ட் என்று நினைத்து விட்டுவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"ஏன் பிள்ளை என்ர பேரை எழுதேல்லை?"

"விடுங்கோ அன்ரி. நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள். வயசான நேரத்திலை உங்களை ஏன் அந்த அனுமதிக் கந்தோருக்கெல்லாம் இழுப்பான்?"

அந்தத் தாள் அப்படியே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எச்சரிக்கையைக் கண்ணால் கண்டும் நான்கு பேரின் பிள்ளைகளுக்கு அதே தண்ணீரைக் கொடுத்த பெண். அனுமதி நிரந்தரமாகப் போகும். அது போனால் அவளுக்கு வேறு தொழில் இல்லை. தெரிந்தும் நான் "இங்கிலிஷ் சரி" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பகல் முழுக்கப் பேசாமல் இருந்தேன். தண்ணீரென்றால் இவதான் என்று கோயிலில் எல்லாரும் என்னைக் காட்டிச் சொல்வார்கள். அந்தப் பெயர் எனக்கு அவ்வளவு இனித்தது. மலருக்குக் கட்டுரை கேட்கிற தம்பிகள் இதை எங்கே போடுவார்களோ தெரியாது.

அடுத்த நாள் சுகந்தியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நானே அந்த அலுவலகத்துக்குப் போனேன். என் வாக்குமூலத்தை எடுத்தவர் ஓர் இளம் பெண். முறையாக, மரியாதையாகக் கேட்டார். எத்தனை வருடம் இந்த வேலை? அன்று என்ன செய்தீர்கள்? ஏன் தண்ணீரைத் திறந்துவிட்டீர்கள்?

நான் தொடங்கினேன். வடி, மூன்று நிமிடம், பென்சில் மொத்தம், அமிலம், மீற்றர். அவர் கணினியில் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கேட்டார்.

"இந்தப் பெண் உங்களிடம் கேட்டது எந்தத் தண்ணீரைப் பற்றி?"

"குழந்தை குடிக்கிற தண்ணீர்."

"நீங்கள் சோதித்தது?"

"தெருவில் ஓடுகிற தண்ணீர்" என்றேன்.

அவர் இரண்டையும் அப்படியே தட்டினார். வாசித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

சுகந்தியின் அனுமதி சில மாதங்களில் திரும்ப வந்தது. நான்கு குடும்பங்களில் இரண்டு திரும்பி வந்தன. ஆதிரையின் இரத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல இறங்குகிறது. பிற்காலத்தில் படிப்பிலும் பேச்சிலும் ஏதும் தெரியுமா என்று கேட்டால், பார்ப்போம் என்கிறார்கள் டொக்டர்மார். பார்ப்போம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தாய் எத்தனை வருடம் இருப்பாள் என்று அவர்களுக்கு யார் சொல்வது!

அன்று அலுவலகத்திலிருந்து திரும்பும்போது காரைச் சுகந்திதான் ஓட்டினாள். பின் சீட்டில் குழந்தை தூங்கியது. என் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்ரி, நீங்கள் எங்கடை வீட்டை எப்பவும் வரலாம். நாங்கள் ஒண்டும் நினைக்கமாட்டம். ஆனா இனி எங்கடை குழாயைத் தொடாதேங்கோ."

"ஓம் பிள்ளை" என்றேன்.

இப்போதும் கிழமைக்கு ஒருமுறை போகிறேன். ஆதிரை கதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். தாகமெடுத்தால் சுகந்தியிடம் கேட்கிறேன். அவள் எழுந்து வந்து பிடித்துத் தருகிறாள்.